தொட்டியில் செத்தது இறால், குற்றவாளி கிணறு



இலாபம் கண்டவர்களின் அனுபவங்களைத்தான் இப்பக்கத்தில் அதிகம் எழுதி வருகிறேன். இந்த வாரம் என்னுடைய நட்டக் கணக்கொன்றை எழுதுகிறேன். நட்டம் பணத்தோடு நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அந்த நட்டத்தின் கோபத்தில் ஒரு தொழிலாளியின் கூலியில் கை வைத்தேன். என் பேரனின் பால் போத்தலில் என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாமலும் இருந்தேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். என் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நான் ஒரு நாளும் சோதித்துப் பார்க்கவில்லை.

தொட்டி வைத்த கதை

2018ஆம் ஆண்டு பெப்ரவரியில், மன்னார் தீவில் என் வீட்டு வளவில் கொட்டகை போட்டு, கடல் அலங்கார மீன்களைத் தேக்கி வைக்கும் தொட்டிகளை அமைத்தேன். சுழியோடும் சகோதரர்கள் பாறைப் பக்கத்திலிருந்து பிடித்து வரும் கோமாளி மீன், வண்ணத்துப்பூச்சி மீன், சுத்தம் செய்யும் இறால் போன்றவற்றை வாங்குவேன். சில நாள் வைத்துத் தீன் கொடுத்துத் தேற்றுவேன். பிறகு ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் இட்டு, ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துக் கொழும்புக்கு அனுப்புவேன். அங்கிருந்து ஏற்றுமதியாளர் விமானத்தில் வெளிநாடு அனுப்புவார். இத்தொழிலுக்கு 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டமும், 1998இல் வந்த உயிர் மீன் ஏற்றுமதி இறக்குமதி ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிடிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. இறங்க நினைப்பவர்கள் முதலில் அதை விசாரித்துக் கொள்ளுங்கள்.

என் தொட்டிகள் எல்லாம் சேர்த்து 3,000 லீற்றர். மீன் வரும், போகும். தண்ணீர் மட்டும் வடிகட்டி வழியாக ஒரே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் நிரப்பியது தீவின் தென்பக்கக் கடலில், அலை அடங்கியிருந்த நாளில் எடுத்த நல்ல தண்ணீர். ஆனால் தொட்டித் தண்ணீர் தினமும் காய்ந்து குறையும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறையும் அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும். மே மாதம் தொடங்கி சோளகக் காற்று வீசும் காலத்தில் எனக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் வரை தேவைப்பட்டது. கொட்டகைக்குப் பக்கத்திலேயே கிணறு. தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும். வாளியால் அள்ளி ஊற்றினேன்.

முதல் நான்கு மாதம் அல்ஹம்துலில்லாஹ் நல்ல வியாபாரம். ஜூலையில் இறால்கள் ஓடு கழற்றும் நேரத்தில் சாக ஆரம்பித்தன. கண்ணாடியில் மண்ணிறப் பாசி படிந்தது. துடைத்தால் மறுநாள் மீண்டும் வந்தது. மீன்கள் தீன் எடுக்காமல் நிறம் மங்கிக் கிடந்தன.

ஆகஸ்டில் ஒரு லொட் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மீன்கள் இரண்டு நாளாகத் தீன் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பெட்டி கட்டினேன். கொழும்பில் திறந்தபோது பாதி செத்திருந்தது. வாங்குபவர் தொலைபேசியில் கேட்டதும், "லொறி தாமதம்" என்று சொல்லிவிட்டேன். மதவாச்சியில் ரயர் மாற்ற லொறி ஒரு மணித்தியாலம் நின்றது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு சாரதித் தம்பியின் கூலியில் 8,000 ரூபா வெட்டினேன். "நானா, பெட்டி ஏத்தக்குள்ளேயே மீன் சோர்ந்துதான் கிடந்திச்சு" என்றார் அவர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு வலையைக் குறை சொன்னேன், தீனைக் குறை சொன்னேன், மோட்டரை மாற்றினேன். கிணறு மட்டும் என் சந்தேகத்துக்கு வரவேயில்லை.

ஒக்டோபரில் மழை பிடித்ததும் கடல் கலங்கியது. அருவியாறு வயல் தண்ணீரையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்து இந்தக் கரையில்தான் விழுகிறது. கடல்நீர் எடுக்க முடியாமல், வெளிநாட்டுக் கடலுப்புப் பக்கற்றுகளை விலை கொடுத்து வாங்கி, கிணற்றுத் தண்ணீரில் கரைத்து, தொட்டியின் பாதித் தண்ணீரை மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம்.

ஐந்து நிமிடச் சோதனை

பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என் தங்கச்சியின் மகன் ஒரு நாள் நைத்திரேற்று சோதிக்கும் சிறு பெட்டியொன்றுடன் வந்தார். குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, இரண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, சில நிமிடம் வைத்து, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் நல்லது. சிவப்பு ஏற ஏறக் கெட்டது.

தொட்டித் தண்ணீர் அட்டையின் கடைசி நிறத்துக்குப் பக்கத்தில் நின்றது. பாதித் தண்ணீர் மாற்றிய பிறகும் இந்த நிலை. "மாமா, தண்ணி மாத்தியும் இவ்வளவு நிக்கிதெண்டா, ஊத்தின தண்ணியைப் பார்க்கணும்" என்றார். கிணற்றைச் சோதித்தோம். அதுவும் சிவப்பு. முற்றத்து வாளியில் நிரம்பியிருந்த மழைத் தண்ணீரைச் சோதித்தோம். அது மஞ்சள்.

பிறகு போத்தலில் எடுத்துச் சென்று ஆய்வுகூடத்தில் கொடுத்தேன். லீற்றருக்கு 60 மில்லிகிராம் நைத்திரேற்று என்று எழுத்தில் வந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை 50 மில்லிகிராம். நமது நாட்டுத் தரமும் அதுதான். பவளப்பாறைக் கடலில் இயற்கையாக இருப்பதோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அந்தக் கடலில் பிறந்த உயிரைத்தான் நான் இந்தத் தண்ணீரில் வைத்திருந்தேன்.

வட்டி ஏறிய கணக்கு

மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அழுகினால் அமோனியா உண்டாகும். வடிகட்டியில் வாழும் பற்றீரியா அதை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். முதலாவதான அமோனியா மீனை விரைவில் கொல்லும். மூன்றாவது ஆறுதலாக வேலை செய்யும். மீன்கள் பல நாள் தாக்குப் பிடிக்கும். இறால், அனிமனி போன்றவை முதலில் விழும். எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இது சேரத்தான் செய்யும். அதைக் குறைக்கத்தான் தண்ணீர் மாற்றுகிறோம். நான் மாற்றிய தண்ணீரே அதைச் சுமந்து வந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 50 லீற்றர், லீற்றருக்கு 60 மில்லிகிராம். ஆக 3,000 மில்லிகிராம். தொட்டியோ 3,000 லீற்றர். ஒவ்வொரு நாளும் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் ஏறுகிறது. மாதத்துக்கு 30. தண்ணீர் ஆவியாகிப் போகும், நைத்திரேற்று தங்கிவிடும். மீனின் கழிவு இதற்கு மேல். வட்டி ஹராம் என்று கடையில் அட்டை தொங்கவிட்டிருக்கும் நான், என் தொட்டிக்குள் நாள் வட்டி ஏற விட்டிருக்கிறேன்.

தண்ணீர் மாற்றியும் ஏன் பயனில்லை? தொட்டியில் 150 இருக்கும்போது, 60 உள்ள தண்ணீரால் பாதியை மாற்றினால் 105தான் வரும். எத்தனை தடவை மாற்றினாலும் 60க்குக் கீழே இறங்காது. நைத்திரேற்று இல்லாத தண்ணீர் என்றால் ஐந்தில் ஒரு பங்கை ஐந்து தடவை மாற்ற, 100 இருந்தது 33க்கு வந்துவிடும். மாற்றும்போதும் அவசரம் கூடாது. பழகிய தண்ணீர் ஒரே நாளில் முழுதாக மாறினால் அந்த அதிர்ச்சியிலும் உயிர்கள் சாகும்.

இன்னொரு பொறியும் உண்டு. சில சோதனைப் பெட்டிகளும் அறிக்கைகளும் நைத்திரேற்று என்று அளவைத் தரும். சில, நைத்திரேற்றிலுள்ள நைதரசன் என்று தரும். இரண்டாவது அளவை 4.43ஆல் பெருக்கினால்தான் முதலாவது வரும். நைதரசனாக 10 என்றால் நைத்திரேற்றாக 44. இறாத்தல் கணக்கில் வாங்கி கிலோக் கணக்கில் எழுதுவது போன்ற பிழை இது. அட்டையில் எந்த அளவு என்று வாசித்துவிட்டுத் தீர்மானம் எடுங்கள்.

பேரனின் பால் போத்தல்

அறிக்கை வந்த அன்று மஃரிபுக்குப் பின் வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். என் மருமகள் குசினியிலிருந்து வந்து, "மாமா, குழாய்த் தண்ணி வராத நாளையில இந்தக் கிணத்துத் தண்ணியைத்தானே கொதிக்க வச்சுப் பிள்ளைக்குப் பால் கரைக்கிறன்" என்றார். பேரனுக்கு அப்போது நான்கு மாதம். தாய்ப்பாலோடு மாப்பாலும் கொடுத்து வந்தார்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியைக் குறைக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு மருத்துவர்தான் குழந்தைகளின் இந்த நோயைப் பண்ணைக் கிணறுகளின் நைத்திரேற்றோடு முதலில் தொடர்புபடுத்தி எழுதினார். குடிநீருக்கு 50 என்ற எல்லை வைத்ததற்கே கைக்குழந்தைகள்தான் காரணம்.

மறுநாள் காலையிலேயே பிள்ளையை வைத்தியரிடம் காட்டினோம். ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்றோடு அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதற்கும் பால் கரைப்பதற்கும் நிறுத்தப்பட்டது. வுழூ செய்ய, குளிக்க, துணி துவைக்கத் தடையில்லை. நைத்திரேற்று தோலால் உடம்புக்குள் போய்த் தீங்கு செய்வதில்லை. வாயால் போவதுதான் விடயம்.

இறால் செத்திராவிட்டால் நான் கிணற்றைச் சோதித்திருக்க மாட்டேன். இதை நினைக்கும்போது அந்த நட்டம் எனக்கு நட்டமாகத் தெரியவில்லை.

எங்கிருந்து வந்தது?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் காலம் கழித்த நம்மவர்களுக்குக் கற்பிட்டித் தோட்டங்கள் தெரியும். மணல் தரை, வெங்காயமும் மிளகாயும், நாள்தோறும் நீர்ப்பாய்ச்சல், தாராளமாகப் பசளை. பயிர் எடுத்தது போக மிச்சம் மணலில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும். கற்பிட்டியின் மணல் நிலத்திலும், யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் கிணறுகளில் நைத்திரேற்று எல்லை மீறியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள்.

மன்னார் தீவில் என் வளவைச் சுற்றி வெங்காயத் தோட்டம் ஏதுமில்லை. அப்படியானால் என் கிணற்றுக்கு எங்கிருந்து வந்தது? அளந்து பார்த்தேன். மீளக் குடியேறி அவசரத்தில் வீடு கட்டியபோது வெட்டிய மலசலகூடக் குழி, கிணற்றிலிருந்து இருபத்தைந்து அடி. மறுபக்கம் ஆட்டுப் பட்டி. பட்டியைக் கழுவும் தண்ணீர் கிணற்றுப் பக்கமாகத்தான் ஓடுகிறது. நம்முடைய தரையும் மணல்தான். மணலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது எதையும் பிடித்து வைக்காது. குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடியாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. இப்படிப்பட்ட மணலில் அதற்கும் மேல் இருந்தால் நல்லது. சிறு காணிகளில் நெருக்கமாக வீடு கட்டியிருக்கும் இடங்களில் நம் குழி அடுத்தவர் கிணற்றுக்குப் பக்கம், அடுத்தவர் குழி நம் கிணற்றுக்குப் பக்கம். இது அண்டை வீட்டாரின் ஹக்கும் சேர்ந்த விடயம்.

நான் பட்டியை இடம் மாற்றினேன். பழைய குழியை மூடி, அடியும் பக்கமும் சீமெந்து பூசிய தாங்கி கட்டினேன். ஆனால் கிணறு உடனே தெளிந்துவிடாது. நிலத்துக்குள் இறங்கியது வெளியேற வருடங்கள் ஆகும்.

எது போக்கும், எது போக்காது?

போக்காதவற்றை முதலில் சொல்கிறேன். கொதிக்க வைப்பது, கரி, படிகாரம், மணல் வடிகட்டி, குளோரின், புற ஊதா விளக்கு. இவை ஒவ்வொன்றும் வேறு வேலைக்கு நல்லவை. நைத்திரேற்று நீரில் கரைந்திருக்கும் பொருள். இவற்றில் எதிலும் அகப்படாது. கரி வடிகட்டியை "எல்லாம் போக்கும்" என்று விற்பவரிடம் நைத்திரேற்றுக்குச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

போக்குபவற்றில் முதலாவது ஆர்.ஓ. இயந்திரம். சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியா, அநுராதபுரப் பக்கத்து ஊர்களில் வைத்திருக்கிறார்களே, அதே முறைதான். நல்ல சவ்வு என்றால் நைத்திரேற்றில் பெரும் பங்கைப் பிடித்துவிடும். செலவு சவ்விலும் கழிவு நீரிலும் இருக்கிறது. வீட்டு அளவு இயந்திரங்களில் ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லீற்றர் கழிவாகப் போகலாம். அந்தக் கழிவில் நைத்திரேற்று இன்னும் செறிவாக இருக்கும். அதைக் கிணற்றடியில் விட்டால் சுற்றி வந்து மீண்டும் வாளியில் ஏறும். நான் தூரத்துத் தென்னைகளுக்குக் குழாய் போட்டு விடுகிறேன். மரத்துக்கு அது பசளை.

நைத்திரேற்றைப் பிடிக்கும் ரெசின் மணிகளும் உண்டு. நமது கிணறுகள் போல் சற்று உவர்ப்பான தண்ணீரில் மற்ற உப்புகளே அதை நிரப்பிவிடுவதால் விரைவில் களைத்துவிடும். ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தால் பிரயோசனம்.

என் அனுபவத்தில் நமது ஊருக்கு மிக மலிவானது மழைத் தண்ணீர். மன்னாரில் வருடத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீற்றர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆனாலும் 100 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 10 மில்லிமீற்றர் பெய்தால் 1,000 லீற்றர் கிடைக்கும். முதல் கால் மணித்தியாலத் தண்ணீரைத் தரைக்கு விட்டு, பிறகு தாங்கிக்குத் திருப்புகிறேன். 2,000 லீற்றர்த் தாங்கிகள் மூன்று வைத்திருக்கிறேன். நாளுக்கு 50 லீற்றர் என்றால் நான்கு மாதம் வரும். மீதி மாதங்களுக்குத்தான் ஆர்.ஓ. ஓடுகிறது. நாகத் தகட்டுக் கூரைத் தண்ணீரை மட்டும் தொட்டிக்கு எடுக்காதீர்கள். நாகம் இறாலுக்கு ஆகாது.

தொட்டியை மாற்றி நிரப்புவதற்குக் கடல்நீர்தான். மழைக்குப் பின் கலங்கிய நாட்களிலும், வாய்க்கால் விழும் இடத்திலும் எடுப்பதில்லை. அமைதியான மாதங்களில், வற்றிய நேரம் விட்டு, கடல் ஏறிய நேரத்தில் எடுத்து, மூடிய பீப்பாயில் சில நாள் இருட்டில் தெளிய வைத்துச் சேமிக்கிறேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, பக்கற்று உப்பை நம்பியிருந்தால் கடையை மூடியிருப்பேன். "மன்னாரிலேயே உப்பளம் இருக்கிறதே, அந்த உப்பைக் கரைக்கலாமே" என்று ஒருவர் கேட்டார். கூடாது. உப்பளத்தில் நாம் வாரி எடுப்பது பெரும்பாலும் சோற்றுக்குப் போடும் உப்பு மட்டும். கடல்நீரின் மக்னீசியம் போன்றவை பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும்.

தொட்டிக்குள்ளேயே சேர்வதைக் குறைக்கத் தீனை அளந்து போடுங்கள். ஒரு பக்கத் தொட்டியில் விளக்கு வைத்துக் கடற்பாசி வளர்ப்பதும் நல்ல வழி. நைத்திரேற்று அதற்கு உணவு. நோன்பு திறக்க நாம் காய்ச்சும் கடற்பாசியின் இனமான கஞ்சிப்பாசியையே நான் போட்டேன். நன்றாகப் பிடித்தது. வாரம் ஒரு பிடி எடுத்து எறிந்தால் அதோடு நைத்திரேற்றும் வெளியே போகிறது. இன்று என் தொட்டியில் அளவு பத்தைத் தாண்டுவதில்லை.

திருப்பிக் கொடுத்த கணக்கு

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது, மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்த சம்பவத்தை ஜும்ஆக்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். வியாபாரி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் படிப்பினை. தீன் எடுக்காத மீனைத் தெரிந்துகொண்டே பெட்டி கட்டிய நான் ஈரத்தைக் கீழே வைத்தவன்.

ஆய்வுகூட அறிக்கை வந்த வாரமே கொழும்புக்குப் போய், வாங்குபவரிடம் நடந்ததைச் சொல்லி, அந்த லொட்டின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனி அனுப்பும்போது தண்ணீர்ச் சோதனை அளவையும் பெட்டியில் எழுதி அனுப்புங்கள்" என்றார். அன்று முதல் எழுதி அனுப்புகிறேன்.

சாரதித் தம்பியிடம் போவதுதான் கஷ்டமாக இருந்தது. வெட்டிய 8,000 ரூபாவை அவர் கையில் வைத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. "அண்டைக்கு வேற ரெண்டு முதலாளிமாரும் என்னைக் கூப்பிடாம விட்டாங்க நானா" என்று மட்டும் சொன்னார். நான் தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அந்த இருவரிடமும் நானே போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். பணத்தைத் திருப்புவது இலகு, ஒருவருடைய பெயரைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாக நடக்க வேண்டும்.

சகோதரர்களே, தண்ணீரை முதலாக வைத்துத் தொழில் செய்பவர்கள் நம்மில் பலர். அலங்கார மீன், இறால், ஐஸ், ஜூஸ், ஹோட்டல், பேக்கரி. கடைக்குச் சாமான் வந்தால் நிறுத்துப் பார்க்கிறோம், திகதி பார்க்கிறோம். தண்ணீரை மட்டும் இலவசம் என்பதால் பார்ப்பதில்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி சொல்வார். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை சோதியுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்றே சோதியுங்கள்.

அடுத்த முறை சாமான் கெட்டுப்போனால், வேலையாளைக் கூப்பிட்டு ஏசுவதற்கு முன் கிணற்றடிக்கு ஒரு தடவை போய் வாருங்கள். வல்ல அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக, பிறர் ஹக்கில் கை வைப்பதிலிருந்து நம்மைக் காப்பானாக. ஆமீன்.